பழைய ஏட்டில் நம் பெயர்: பூட்டுவது யார், திறப்பது யார்?

தோட்டத்து மக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம் என்று இப்போது பலரும் கிளம்பியிருக்கிறார்கள். பினாங்கில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகத்து மாணவர்கள் வருகிறார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வருகிறார்கள். பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளே பட்டப் படிப்புக்காகப் பழைய ஏடுகளைத் தேடிப் போகிறார்கள். நல்ல காரியம்தான். நம்முடைய சரித்திரத்தை நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

ஆனால் பழைய ஏட்டைத் திறந்தால் கப்பல் பெயரும் சம்பளக் கணக்கும் மட்டுமா வெளியே வரும்? பாட்டனுடைய ஜாதி வரும். பாட்டிக்கு வந்த வியாதி வரும். மாமனைப் பற்றிப் போலீசு எழுதி வைத்த குறிப்பு வரும். எந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது, யாருக்குத் தத்துப் போனது என்பதும் வரும். இவற்றையெல்லாம் யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்பதைத்தான் இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டும்.

"இதெல்லாம் படிச்சவங்க விவகாரம் அண்ணே, நமக்கு என்னாத்துக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1969-ஆம் ஆண்டு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நம் ஜனங்கள் ஆயிரம் ஆயிரமாகக் கப்பல் ஏறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்கூட, பிறந்ததைக் காட்டும் பத்திரம் கையில் இல்லாததால் அந்நியர் ஆனார்கள். காகிதம் இல்லாததால் பட்ட கஷ்டம் நமக்குத் தெரியும். ஆகவே காகிதம் படித்தவனுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடலாகாது.

ஆவணக் காப்பகம் என்பது என்ன?

அரசாங்கம் எழுதிய ஒவ்வொரு கடிதமும் கோப்பும் ஒரு நாள் பழசாகிறது. அவற்றில் வைத்திருக்கத் தகுந்தவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கும் இடமே ஆவணக் காப்பகம். நம் நாட்டில் இது சுதந்திரம் கிடைத்த 1957-ஆம் ஆண்டின் இறுதியிலேயே தொடங்கப்பட்டது. இன்று 'ஆர்க்கிப் நெகாரா' என்ற பெயரில் கோலாலம்பூரில் இருக்கிறது. 1966-இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் சாரத்தை எளிதாகச் சொல்கிறேன். அரசாங்க இலாகா எதுவும் தன் கோப்புகளைக் காப்பகத்தின் அனுமதி இல்லாமல் அழிக்கக் கூடாது. 25 ஆண்டு ஆனவை காப்பகத்துக்குப் போக வேண்டும். அங்கே பதிவு செய்துகொண்டு ஆராய்ச்சியாளர்கள் படிக்கலாம். ஆனால் 'ரகசியம்' என்று முத்திரை குத்தப்பட்ட கோப்பு என்றால், அந்த முத்திரையை அதற்கான அதிகாரம் உள்ளவர் நீக்கிய பிறகுதான் வெளியே வரும்.

இங்கே ஒரு சங்கதியைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் அரசாங்கத்தின் பொது ஆவணங்களுக்குத்தான். தனியார் கம்பெனித் தோட்டத்தின் செக்ரோல், தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் எழுதிய நோயாளிப் புத்தகம், கிராணியார் வைத்திருந்த பெயர்ப் பதிவு இவையெல்லாம் பொது ஆவணங்கள் அல்ல. தோட்டம் கை மாறினாலும், வீடமைப்புத் திட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்டாலும், அந்தப் புத்தகங்கள் குப்பையில் போகலாம். யாரோ ஒருவருடைய அலமாரிக்கும் போகலாம். நம் தாத்தா பாட்டியின் வாழ்க்கையில் பாதி அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. மீதிப் பாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அரசாங்கத்தின் ரகசியம்

இந்தக் கோப்புகளில் இருக்கும் ரகசியம் ஒரே வகைப்பட்டது அல்ல. அரசாங்கம் தன்னைக் காத்துக்கொள்ள மறைப்பது ஒன்று. சாதாரண மனிதனின் மானத்தைக் காக்க மறைக்க வேண்டியது இன்னொன்று. இரண்டையும் ஒரே பூட்டில் பூட்டுவதால்தான் தொல்லை எல்லாம் வருகிறது.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1986-இல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டு, ரகசியத்தை வெளியிட்டவருக்குக் குறைந்தது ஓராண்டு சிறை என்று ஆனது. ஒரு காகிதம் ரகசியம் என்று உரிய அதிகாரி சான்று கொடுத்துவிட்டால், அது சரிதானா என்று நீதிமன்றத்தில்கூடக் கேள்வி கேட்க முடியாது. நாட்டின் பாதுகாப்புக்கு ரகசியம் வேண்டும்தான். ஆனால் புகைமூட்டம் வந்து நம் பிள்ளைகள் மூச்சுத் திணறிய நாளில், காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்ற கணக்கைக்கூட 2005 ஆகஸ்டு வரை சில ஆண்டுகள் மக்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தார்களே, அது எந்தப் பாதுகாப்பு? காலையில் வெறும் வயிற்றோடு மரம் வெட்டப் போகிறவனுக்குத்தானே அந்தக் கணக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

இந்த விஷயத்தில் நமது பினாங்கு மாநிலத்தைப் பாராட்டலாம். சிலாங்கூரும் பினாங்கும் தகவல் சுதந்திரச் சட்டம் கொண்டுவந்த மாநிலங்கள். மாநில அரசாங்கத்தின் இலாகாவில் உள்ள தகவலைக் குடிமகன் மனுச் செய்து கேட்கலாம். ஆனால் அது மாநில இலாகாக்களோடு நின்றுவிடும். மத்திய அரசாங்கத்தின் ரகசியச் சட்டத்தை மாநிலச் சட்டத்தால் தாண்ட முடியாது. மத்திய அரசாங்கமும் இப்படியொரு சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கிறது. அந்தச் சட்டம் காகிதத்தில் மட்டும் அல்ல, காரியத்திலும் இருக்க வேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு.

வெள்ளைக்காரன் காலத்துக் கதையைப் பாருங்கள். 1957-இல் அவன் கோலாலம்பூரை விட்டுப் போகும் முன், வெளியே தெரியக்கூடாத கோப்புகளை லாரிகளில் ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டு போய், அங்கே கடற்படையின் எரிகொட்டகையில் போட்டுக் கொளுத்தினான். கொளுத்தாத சிலவற்றை லண்டனுக்கு அனுப்பினான். இப்படி 37 நாடுகளின் கோப்புகள் இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் யாருக்கும் தெரியாமல் கிடந்தன. கென்யா நாட்டில் மௌ மௌ கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைப்பட்ட கிழவர்கள் லண்டனில் வழக்குப் போட்டபோது, 2011-இல் இந்தக் குட்டு வெளிப்பட்டது. 2012 முதல் மலாயாக் கோப்புகள் உள்படப் பலவற்றைப் பொது மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். 2013-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் வருத்தம் தெரிவித்து, 5,228 கென்யர்களுக்காக 19.9 மில்லியன் பவுன் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஏடு திறந்தால் ஏழைக்கு நியாயம் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

எந்தக் காகிதத்தைப் புதிய அரசாங்கத்திடம் விட்டுவரலாம், எதை விடக்கூடாது என்று 1961-இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு மந்திரி ஓர் உத்தரவு போட்டார். எதையெல்லாம் விடக்கூடாது? மகாராணியாரின் அரசாங்கத்துக்குச் சங்கடம் தரக்கூடியவை. போலீசாருக்கும் போலீசுக்குத் துப்புச் சொன்னவர்களுக்கும் சங்கடம் தரக்கூடியவை. இரண்டையும் எப்படி ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்! துப்புச் சொன்ன ஏழையின் உயிரைக் காப்பது நியாயமான காரணம். அந்த நியாயத்தின் முதுகுக்குப் பின்னால் சர்க்காரின் வெட்கத்தையும் ஒளித்து வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் எந்த நாட்டு அரசாங்கமாவது "தனி மனிதர்களின் பாதுகாப்புக்காகக் கோப்பை மூடுகிறோம்" என்று சொன்னால், "எந்தத் தனி மனிதன்?" என்று நாம் கேட்க வேண்டும்.

நம் நாட்டு ரப்பர் தோட்டத்தில் நடந்ததே உண்டு. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில், ஆயுதம் இல்லாத 24 சீனத் தோட்ட மக்களைப் பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டுக் கொன்றது. "தப்பி ஓடினார்கள், சுட்டோம்" என்று அரசாங்கம் சொன்னது. 1970-இல் அந்தப் பட்டாளத்துச் சிப்பாய்கள் சிலர் உண்மையை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தார்கள்; ஆனால் விசாரணையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழைய காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் செத்தவர்களின் பிள்ளைகள் லண்டன் நீதிமன்றம் ஏறினார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தோற்றது. என்றாலும், பழைய அரசாங்கக் கதையை அப்படியே நம்ப முடியாது என்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. காகிதம் இல்லாவிட்டால் அதுவும் நடந்திராது.

ஆகவே அரசாங்கம் செய்த காரியத்தை மறைக்கும் கோப்பு திறக்கப்பட வேண்டும். இதில் நமக்கு இரண்டு பேச்சு இல்லை.

பாட்டாளியின் ரகசியம்

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். இது நம் வீட்டுச் சங்கதி.

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையை ஒட்டி இருக்கும் ஜெரஜாக் தீவை அறியாதவர் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் வந்த நம் முன்னோர்களை, வியாதி இருக்கிறதா என்று பார்த்து முதலில் இறக்கி வைத்த இடம் அது. 'ஜெரஜாக்கில் கிடந்தோம்' என்று பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே தீவில் தொழுநோயாளிகளையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு 1930-இல் சிலாங்கூரில் சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் கண்டவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து அங்கே கொண்டு போனார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து எடுத்து வேறு இடங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் நம் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. அப்படித் தத்துப் போன பிள்ளைகள், வயதான காலத்தில் "என்னைப் பெத்தவ யாரு?" என்று தேடுகிறார்கள். அவர்களுக்கு அந்தப் பதிவேடு வேண்டும். அதே பதிவேட்டின் அடுத்த வரியில் இன்னொரு தாயின் பெயர் இருக்கும். அவள் குணமாகி வெளியே வந்து, பழையதை யாரிடமும் சொல்லாமல் குடும்பம் நடத்தியிருப்பாள். அவளுடைய பேத்திக்குக் கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில், ஏதோ ஒரு ஆராய்ச்சிப் புத்தகத்தில் அந்தப் பெயர் அச்சாகி வந்தால் என்ன ஆகும்? தொழுநோய் மருந்தால் குணமாகிவிடும் நோய்தான். அது பரம்பரையாக வருவதும் இல்லை. ஆனால் ஊர் வாய் அதைக் கேட்காது.

ஏட்டை முழுக்க மூடினால் முதல் பிள்ளைக்குத் துரோகம். முழுக்கத் திறந்தால் இரண்டாவது தாய்க்குத் துரோகம்.

இன்னொன்றையும் பாருங்கள். 1948 முதல் 1960 வரை அவசர காலம் இருந்தது. தொழிற்சங்கம் நடத்தியவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் பிடித்து உள்ளே போட்டார்கள். மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அந்தக் காலத்துப் போலீசுக் கோப்பில், எந்தத் தோட்டத்தில் யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதும் இருக்கும். பயந்து சொன்னவன் இருப்பான். பசிக்குச் சொன்னவன் இருப்பான். வாய்க்கால் சண்டைக்காகப் பொய் சொல்லி மாட்டி விட்டவனும் இருப்பான். கோப்பில் எழுதி இருப்பதெல்லாம் உண்மை என்று எண்ண வேண்டாம். போலீசு கேட்டதை, போலீசு புரிந்துகொண்டபடி, போலீசு பாஷையில் எழுதி வைத்தது அது. அந்தப் பெயர்களை அப்படியே அச்சடித்தால், இன்றைக்கு ஒரே கோயில் திருவிழாவில் சேர்ந்து காவடி எடுக்கும் இரண்டு குடும்பங்கள் நாளைக்கு முகம் கொடுத்துப் பேசாது.

ஜாதிப் பத்தி

மூன்றாவதாக ஜாதி. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களின் பதிவேட்டில், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் இவற்றோடு ஜாதிக்கும் ஒரு பத்தி போட்டிருந்தான் வெள்ளைக்காரன். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருடைய பட்டியல் இன்று எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. அதில் தமிழர்களும் தெலுங்கர்களும் ஏராளம். அதனால் பல குடும்பங்கள் தங்கள் பூர்வீகக் கிராமத்தையே கண்டுபிடித்துப் போய் வந்தன. அது ஒரு நன்மை.

மொரீசியசு வேறு வழியில் போனது. அந்தத் தீவுக்குப் போனவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். அவர்களுடைய குடியேற்றப் பதிவேடுகள், போட்டோ உள்பட, மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. அங்கே யாரும் நினைத்தபடி புரட்ட முடியாது. தன் முன்னோர் என்பதைப் பிறப்பு, கல்யாணப் பத்திரங்களால் காட்டுகிறவருக்குத்தான் அந்த முன்னோரின் பதிவைத் தருகிறார்கள். அங்கே ஜாதி ஒரு கூரிய விஷயமாக இருப்பதே இந்தக் கட்டுப்பாட்டுக்கு முக்கியமான காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எது சரி? ஜாதி பொய், அதை மறைக்க என்ன இருக்கிறது என்று சிலர் சொல்லலாம். கொள்கை அளவில் நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லயத்தில் ஒன்றாக வாழ்ந்த ஜனங்கள், பால் வாளியைத் தூக்கியபோது மறந்துபோன ஜாதியை, பேரப்பிள்ளைகளின் கல்யாணத்தில் தோண்டி எடுப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்களே! பாட்டன் தானாகச் சொன்னதா, கப்பல் குமாஸ்தா தனக்குத் தோன்றியதை எழுதியதா என்பதுகூட நிச்சயம் இல்லாத ஒரு சொல், நூறாண்டு கழித்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கலாமா? அந்தக் கணக்கில் பார்த்தால் மொரீசியசுக்காரர்கள் செய்தது முழுத் தவறு என்று சொல்வதற்கில்லை. குடும்பத்துக்குக் கதவு திறந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க வருபவருக்கு மூடியிருக்கிறது.

25 ஆண்டு போதுமா?

அரசாங்கத்தின் முடிவு ஒன்றை 25 ஆண்டு மறைத்தால் அதுவே அதிகம். மனிதனுக்கு அப்படி அல்ல. ஐந்து வயதில் தத்துப் போன பிள்ளைக்கு, 25 ஆண்டு கழித்து வயது முப்பது. அதன் வாழ்க்கை அப்போதுதான் ஆரம்பம். இருபது வயதில் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு, 25 ஆண்டு கழித்து வயது நாற்பத்தைந்து. அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள்.

மற்ற நாடுகள் இதை உணர்ந்திருக்கின்றன. இங்கிலாந்தில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரி விவரத்தை 100 ஆண்டு மூடி வைக்கிறார்கள். 1921-இல் எடுத்த கணக்கை 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அமெரிக்காவில் 72 ஆண்டு. 1950-இன் கணக்கு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதே அமெரிக்காவில் அவசரப்பட்டதால் வந்த வினையும் உண்டு. 2025 மார்ச்சில், ஜனாதிபதி கென்னடி கொலை பற்றிய கோப்புகளை ஒன்றும் மறைக்காமல் வெளியிட உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களை அவசரம் அவசரமாக வெளியிட்டார்கள். அதில், இன்னும் உயிரோடு இருக்கும் பலர் உள்பட, நூற்றுக்கணக்கான பேருடைய சமூகப் பாதுகாப்பு எண்கள் அப்படியே அம்பலமாகிவிட்டன. நமக்கு ஐ.சி. நம்பர் எப்படியோ, அவர்களுக்கு அந்த எண் அப்படி. கொலை மர்மத்தை அறிய அந்த எண்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

நம் ஐ.சி. நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு எண் பிறந்த தேதி. அடுத்த இரண்டு எண் பிறந்த இடம். பினாங்கு என்றால் 07. அந்த நம்பரும் பெயரும் ஒருவன் கையில் கிடைத்தால், நம் பேரில் கடன் எடுப்பது முதல் ஏமாற்றுப் போன் போடுவது வரை என்னென்னவோ செய்யலாம். 2017-இல் இந்நாட்டில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்தது ஊரறிந்த சங்கதி.

"அதுக்குத்தான் தனிநபர் தரவுச் சட்டம் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அந்தச் சட்டம் மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கடைக்காரன் நம் போன் நம்பரைக் கண்டபடி கொடுத்தால் தண்டனை உண்டு. அரசாங்க அலமாரியில் இருக்கும் நம் வியாதிக்கும் நம் பிறப்புக்கும் அந்தச் சட்டத்தின் காவல் இல்லை. அரசாங்கத்தின் ரகசியத்துக்கு இரும்புப் பூட்டு. பாட்டாளியின் ரகசியத்துக்கு வாழை நாரில் ஒரு முடிச்சு! இதுதான் நம் மனக்குறை.

ஜெர்மனி காட்டிய வழி

இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா? முடியும் என்று ஜெர்மனி காட்டியது. கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்டு ஆட்சி விழுந்தபோது, 'ஸ்டாசி' என்ற ரகசியப் போலீசு நூறு கிலோ மீட்டருக்கு மேல் அடுக்கக்கூடிய கோப்புகளை விட்டுப் போனது. அண்டை வீட்டுக்காரன், கூட வேலை செய்தவன், சில வீடுகளில் கட்டின புருஷன்கூட உளவு சொன்ன நாடு அது. "எரிச்சிடுவோம், நிம்மதியா இருப்போம்" என்றார்கள் சிலர். மக்கள் ஒப்பவில்லை. 1991 டிசம்பரில் ஒரு சட்டம் செய்தார்கள்.

அதன்படி, யாரைப் பற்றிய கோப்போ அவருக்கே முதல் உரிமை. 1992 ஜனவரி முதல் தன் கோப்பைத் தானே போய்ப் படிக்கலாம். அதில் வரும் மற்ற அப்பாவிகளின் விவரம் கறுப்பு மையால் மறைக்கப்படும். உளவு சொன்னவன் பெயரை, பாதிக்கப்பட்டவர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆராய்ச்சியாளருக்கும் கோப்பு உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவரின் சொந்த விஷயம் அவர் சம்மதம் இல்லாமல் கிடைக்காது. பலம் பொருந்திய பிரதமராக இருந்த ஹெல்முட் கோல்கூடத் தன்னைப் பற்றிய கோப்பைக் கொடுக்கக் கூடாது என்று வழக்காடி, 2002-இல் தீர்ப்புப் பெற்றார். பிறகு சட்டத்தைத் திருத்தி, பொது வாழ்க்கையில் இருப்பவரின் பொதுக் காரியத்துக்கு வேறு அளவுகோல் வைத்தார்கள். பதவியில் இருப்பவனுக்கும் வீட்டில் இருப்பவனுக்கும் ஒரே தராசு வைக்கக் கூடாது என்பது அதன் கருத்து.

இந்த வழியில் நாமும் கேட்கலாம். அரசாங்கத்தின் செய்கையைக் காட்டும் கோப்பைக் காலம் தாழ்த்தாமல் திறந்துவிடுங்கள். வியாதி, தத்து, ஜாதி, துப்புச் சொன்னது, பெண்களின் மானம் இவை இருக்கும் பக்கங்களை, அந்த மனிதரின் ஆயுள் முடியும் வரையாவது மூடி வையுங்கள். ஆனால் அவரோ, அவர் பிள்ளைகளோ வந்து கேட்டால், தடை சொல்லாமல் அவருக்குரியதைக் காட்டுங்கள். ஆராய்ச்சி மாணவர் வந்தால், பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். எத்தனை பேர் இறந்தார்கள், என்ன சம்பளம் வாங்கினார்கள், யார் அடித்தார்கள் என்பதை எழுத, ஒரு பாட்டியின் முழுப் பெயரும் தேவை இல்லை. அடித்த துரையின் பெயர்தான் தேவை.

பக்கத்து லயத்துத் தோழர்

இதைச் சொல்லும்போது நாம் நம்மை மட்டும் நினைத்தால் போதாது. இன்று தோட்டங்களில் செம்பனைக் குலை தள்ளும் கைகளில் பெரும்பாலானவை இந்தோனேசியத் தோழருடையவை, வங்காளதேசத் தோழருடையவை. 1997 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குக் கட்டாய மருத்துவச் சோதனை நடக்கிறது. காசநோய் உண்டா, எச்.ஐ.வி. உண்டா, பெண்ணாக இருந்தால் கர்ப்பம் உண்டா என்று பார்த்து எழுதி வைக்கிறார்கள். ஜெரஜாக்கில் நம் பாட்டிகளை வரிசையில் நிறுத்தி எழுதினார்களே, அதே கதைதான். பேனாவுக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் ஐம்பது ஆண்டில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்த ஏட்டைத் தேடி வருவார்கள். நம் பாட்டிக்கு எந்த மரியாதையைக் கேட்கிறோமோ, அதையே அவர்களுக்கும் சேர்த்துக் கேட்பதுதான் தொழிலாளி தர்மம்.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் திருந்தும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு.

தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட்டு, சிவப்பு அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட்டு இவற்றைத் தயவு செய்து எரிக்காதீர்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அதுதான். கரையான் அரிக்காமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதியும் வையுங்கள்.

ஆராய்ச்சி என்று யார் வந்தாலும் மூலப் பத்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். நகல் கொடுங்கள். ஐ.சி. நம்பரை மறைத்துக் கொடுங்கள். "தம்பி, இதை எங்கே போடுவீங்க? பேரு போடுவீங்களா? போட்டோ போடுவீங்களா?" என்று கேளுங்கள். நல்ல மாணவன் கோபித்துக்கொள்ள மாட்டான், பதில் சொல்வான். பெயர் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொந்தக்காரர் மூலம் கேள்விப்பட்ட அடுத்த வீட்டு ரகசியத்தைச் சொல்லும்போது, அது உங்கள் சொத்து அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

தோட்டம் மூடப்படும் இடங்களில், தமிழ்ப் பள்ளியின் பழைய மாணவர் பதிவேடு, கோயில் கமிட்டியின் கணக்குப் புத்தகம், ஆபீசில் கிடக்கும் செக்ரோல் இவை என்ன ஆகின்றன என்று தலைவர்மார்கள் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். தனியாரிடமிருந்தும் ஆவணங்களைத் தேசியக் காப்பகம் பெற்றுக்கொள்கிறது. கொடுக்கும்போது, 'இன்ன பக்கங்களை இத்தனை ஆண்டு வெளியே காட்டக் கூடாது, குடும்பத்தார் கேட்டால் காட்ட வேண்டும்' என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம். 1954 முதல் இருந்து வரும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும், நம் மக்கள் பிரதிநிதிகளும், அரசாங்க அலமாரிக்கும் பொருந்தும்படி தனிநபர் தரவுச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் கிளைச் செயலாளரிடம் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நம் முன்னோர்கள் எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். அந்தக் கைநாட்டுக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் வழி இல்லை. நமக்குப் படிக்கத் தெரியும்; கேட்கவும் தெரியும். கேட்போம்.